வறண்ட ஆற்றின் கணக்கு

வலென்சியா நகருக்குத் தெற்கே போயோ என்றொரு ராம்ப்லா ஓடுகிறது. ஓடுகிறது என்பதே மிகைதான். ஸ்பெயினின் மத்தியதரைக் கரையில் ராம்ப்லா என்றால் நம் ஊர்க் காட்டாறு. ஆண்டின் பெரும்பகுதி அதில் நாணலும் கூழாங்கல்லும்தான் கிடக்கும். 2024 அக்டோபர் 29 மாலை நான்கு மணி வாக்கில் அதன் அளவுமானி நொடிக்கு 30 கனமீட்டருக்கும் குறைவாகக் காட்டியது. 6.55க்கு 2,282 கனமீட்டர். எப்ரோ போன்ற பெரிய ஆற்றின் சராசரி ஓட்டத்தைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. அந்த எண்ணைச் சொன்ன கையோடு மானியும் அடித்துக்கொண்டு போனது. அன்றைய வெள்ளத்தில் வலென்சியா மாகாணத்தில் 220 பேருக்கு மேல் மாண்டார்கள்.

எதிர்பாராத பேரிடர் என்று சொல்லி எழுந்துவிடலாம். ஆவணங்கள் அதற்கு இடம் தரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007ஆம் ஆண்டு வெள்ள நெறிமுறைப்படி ஒவ்வொரு நாடும் ஆபத்தான பகுதிகளை அடையாளம் காண வேண்டும், மூன்று நிலை நிகழ்தகவுகளுக்கு வரைபடம் போட வேண்டும், ஆறாண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்த வேண்டும். ஹூகர் நீர்ப்படுகை வாரியம் இவற்றைச் செய்தது. போயோ அதன் ஆபத்துப் பட்டியலில் இருந்தது. அதைச் சீரமைக்கத் திட்டமும் இருந்தது, வேலைதான் நடக்கவில்லை. ஆக, நீர் எங்கே வரும் என்ற கேள்விக்கு இந்த மதிப்பீட்டு முறை பதில் வைத்திருந்தது. இந்த இடத்தில் அதைக் குறை சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன்.

எவ்வளவு அடிக்கடி வரும் என்ற கேள்வியில்தான் முறை தடுமாறுகிறது. 'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல்லையே பாருங்கள். ஆண்டுக்கு நூறில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். மக்கள் காதில் அது 'என் காலத்தில் வராது' என்று விழுகிறது. முப்பதாண்டு வீட்டுக்கடன் வாங்கிய ஒருவர் கடன் முடிவதற்குள் அந்த வெள்ளத்தைச் சந்திக்கும் வாய்ப்பு 26 விழுக்காடு. நான்கில் ஒன்று! இந்தப் பெயரைச் சூட்டிய நிபுணர்களுக்கு மொழியறிவு போதவில்லை என்றே சொல்வேன்.

பெயரை விடுவோம், எண்ணே நம்பத்தக்கதா? மத்தியதரைக் கரையில் இரண்டு வகை மழை உண்டு. ஒன்று வழக்கமான மழை. இன்னொன்று, வளிமண்டலத்தின் உயரத்தில் துண்டுபட்டு நிற்கும் குளிர்காற்று, கோடையின் சூட்டை இன்னும் விடாத கடலின் ஈரத்தை உறிஞ்சி இலையுதிர்காலத்தில் கொட்டுவது. முன்பு 'குளிர்த்துளி' என்றார்கள், இன்று 'டானா' என்கிறார்கள். இரண்டையும் ஒரே வரிசையில் கோத்துக் கணக்கிட்டால், எப்போதாவது வரும் பெரியது அடிக்கடி வரும் சிறியவற்றுக்குள் மறைந்துபோகும். இத்தாலியின் ரோஸி, ஃபியோரென்டினோ, வெர்சாச்சே மூவரும் 1984இலேயே இரண்டையும் பிரித்துக் கணக்கிடும் பரவல் ஒன்றை முன்வைத்தார்கள். ஆகவே அறிவியல் தூங்கவில்லை. ஆனால் எத்தனை நுட்பமான சூத்திரமானாலும் அதற்கு நீண்ட பதிவுகள் தேவை. காட்டாறுகளில் மானிகளே அரிது. அன்று துரீஸ் என்ற ஊரில் ஒரு மணி நேரத்தில் 184.6 மி.மீ., 24 மணி நேரத்தில் 770 மி.மீ.க்கு மேல் மழை பதிவானது. சில பத்தாண்டுப் பதிவுகளை வைத்து இத்தகைய மழைக்கு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்ற மீள்வருகைக் காலம் சொல்வது, நான்கு பேரை அளந்துவிட்டு ஊரிலேயே உயரமானவர் யார் என்று சொல்வது போன்றது.

இதோடு வெப்பமாதலும் சேர்கிறது. உலக வானிலை காரணியறிதல் குழு, நிகழ்வு நடந்த சில நாட்களிலேயே செய்த விரைவாய்வில், இத்தகைய ஒருநாள் மழை சுமார் 12 விழுக்காடு கடுமையாகவும் இரு மடங்கு வாய்ப்புள்ளதாகவும் ஆகியிருப்பதாகக் கணித்தது. விரைவாய்வு என்பதால் அதன் எண்ணை நான் இறுகப் பிடிக்கமாட்டேன். திசையை மறுக்கவும் முடியாது. வாய்ப்பு இரட்டித்தால் நேற்றைய நூறாண்டுக் கோடு இன்று ஐம்பதாண்டுக் கோடு.

மூன்றாவது கேள்வி, எவ்வளவு நேரத்தில்? போயோ கரையிலுள்ள பைபோர்ட்டாவில் அன்று மழையே பெயர் சொல்லும்படி இல்லை. மேலே சீவா பக்கம் பெய்தது, கீழே வந்து கொன்றது. வானிலை நிறுவனம் காலை 7.36க்கே சிவப்பு எச்சரிக்கை விடுத்தது. முந்தைய மாலையே வலென்சியா பல்கலைக்கழகம் வகுப்புகளை நிறுத்தியது. மக்களின் கைப்பேசிகளில் அபாய ஒலி அடித்தது இரவு 8.11க்கு. இடைப்பட்ட மாலையில் அதிகாரிகளின் கண் ஃபொராட்டா அணையின் மேல் இருந்தது. 1982இல் தௌஸ் அணை உடைந்த நினைவு அந்த மண்ணில் ஆறாதது, அச்சம் நியாயமே. ஃபொராட்டா தாங்கியது. அணையில்லாத போயோதான் ஊர்களுக்குள் புகுந்தது. நினைவில் நிற்கும் ஆபத்தின் பக்கமே கவனம் சாயும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டாம்.

இதே கரையின் மறுமுக ஆபத்தான வறட்சியின் பக்கம் வருவோம். ஸ்பெயின் இதில் முன்னோடி: 2007 முதல் படுகைதோறும் தனி வறட்சித் திட்டம், 2018இல் திருத்தம், இயல்பு முதல் அவசரநிலை வரை படிகள். கட்டலோனியா 2024 பிப்ரவரி 1இல் அவசரநிலை அறிவித்தபோது நீர்த்தேக்கங்களில் 16 விழுக்காடு அளவே தண்ணீர் இருந்தது. பார்சிலோனா தாக்குப்பிடித்தது, 2008இல் கப்பலில் குடிநீர் இறக்கிய அவமானத்துக்குப் பின் வந்த லோப்ரெகாட் கடல்நீர் ஆலை கைகொடுத்தது. மெதுவாக வரும் ஆபத்துக்கு இந்த முறை நன்றாகவே பொருந்துகிறது. குறை வேறிடத்தில். நீர்த்தேக்க இருப்பை மட்டும் அளவுகோலாக வைத்தால், வானம் பொய்த்ததையும் நாம் கூடுதலாக எடுத்துவிட்டதையும் ஒரே எண் விழுங்கிவிடுகிறது. பாசனம் பெருகப் பெருக 'வறட்சி' தானாகவே வரும். பழி மழையின் தலையில்.

என் முடிவு இது: இடத்தைச் சொல்வதில் இந்த மதிப்பீடு தேறுகிறது. வறட்சியில் பாதி தேறுகிறது. வெள்ளம் எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு வேகமாக வரும் என்பதில் தோற்கிறது. வெள்ளத்தையும் வறட்சியையும் ஒருசேரப் படிப்பதில் முயற்சியே போதவில்லை. ஒரே படுகை, ஒரே வாரியம், இரண்டு ஏடுகள். ஒன்று அணையை நிரப்பி வை என்கிறது, மற்றது இடம் விட்டு வை என்கிறது. எந்த ஆண்டில், எந்த மாதத்தில் எது சொல்வதைக் கேட்பது என்பதுதான் மத்தியதரைப் படுகையின் உண்மையான கேள்வி. கணக்கில் யார் சேர்கிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. வலென்சியாவில் 1957 வெள்ளத்துக்குப் பின் துரியா ஆற்றையே நகருக்குத் தெற்கே திருப்பினார்கள். 2024இல் நகர மையம் தப்பியது. அந்தப் புதுக்கால்வாய்க்கும் தெற்கே ஓடும் போயோவின் கரை ஊர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 70 வயதைத் தாண்டியவர்கள். பலர் தரைத்தளத்தில் இருந்தவர்கள். எந்த மீள்வருகைக் காலத்திலும் படியேற முடியாத முழங்காலுக்கு ஒரு குறியீடு இல்லை.

அடுத்த திருத்தத்துக்கு வரைபடம் போடுபவர் 2,282க்குப் பிறகு எவ்வளவு ஏறியது என்பதைத் தாமேதான் கணிக்க வேண்டும். பைபோர்ட்டாவின் சுவர்களில் படிந்த சேற்றுக் கோட்டின் உயரத்தை அளந்து அவர் தொடங்கலாம், யாரும் வெள்ளையடித்துவிடுவதற்கு முன்.