கழித்தபின் எஞ்சும் ஒளி

ஒரு விண்மீனின் நிறமாலையை யாராவது முன்னால் வைத்தால் என் கண் முதலில் ஹைட்ரஜன் கோடுகளைத் தேடுவதில்லை; 5577 ஆங்ஸ்ட்ராமுக்குப் போகும். பெரும்பாலான விண்மீன்களுக்கு அந்த இடத்தில் சொல்ல ஒன்றும் இருக்காது. அங்கே பேசுவது நம் பூமியின் காற்று. தரையிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் இரவெல்லாம் மங்கலான பச்சையில் ஒளிர்ந்துகொண்டிருக்கின்றன. விண்மீனை நோக்கித் திருப்பிய தொலைநோக்கி அந்தப் பச்சையையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. அதைக் கழித்தாக வேண்டும். சரியாகக் கழித்த படத்தில் அந்த இடம் பக்கத்து இடங்களைப் போலவே, கொஞ்சம் கூடுதல் நடுக்கத்தோடு ஓடும். குறைவாகக் கழித்தால் ஒரு முளை நிற்கும். அதிகமானால் பள்ளம் விழும். முளையும் பள்ளமும் ஒட்டி ஒட்டி வந்தால், கழித்த அளவு சரி, இடம்தான் பிக்சலில் ஒரு பங்கு நகர்ந்துவிட்டது என்று பொருள். படத்தைச் செய்தவரின் கை எப்படிப்பட்டது என்பதை இந்த ஓர் இடமே காட்டிக்கொடுத்துவிடும்.

வானியலில் வண்ணப் படங்களுக்குத்தான் ரசிகர் கூட்டம். நெபுலா காலண்டரில் தொங்குகிறது. மேலும் கீழுமாக நடுங்கும் வெறும் கோடான நிறமாலை ஆய்வுக் கட்டுரைகளுக்குள்ளேயே கிடக்கிறது. ஆனால் விண்மீன் எதனால் ஆனது, எவ்வளவு சூடு, எந்த வேகத்தில் நம்மிடம் வருகிறது அல்லது விலகுகிறது என்பதையெல்லாம் சொல்வது அந்தக் கோடுதான். அது தொலைநோக்கியிலிருந்து அப்படியே இறங்கி வருவதில்லை; செய்து எடுக்க வேண்டும். துறைக்காரர்கள் ‘ரிடக்‌ஷன்’ என்று சொல்லும் இந்த வேலையை வெறும் கணினிக் கணக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. என் கணக்கில் அது ஒரு கைவினை. எதைக் கழிப்பது, எங்கே நிறுத்துவது என்ற தீர்மானத்தில்தான் அதன் அழகு முழுவதும் இருக்கிறது.

லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில், ஹான்லேயில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயில் உட்கார்ந்துகொண்டு செயற்கைக்கோள் இணைப்பின் வழியாக அதை இயக்குகிறார்கள். அங்கிருந்து வரும் ஒரு மூலப் படத்தைப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்லிய வெள்ளை இழை ஒன்று ஓடும். அதுதான் விண்மீன். அதற்குக் குறுக்கே வரிசையாக நிற்கும் கோடுகள் வானத்தின் ஒளி. ஆங்காங்கே தெறித்த வெள்ளைப் புள்ளிகள் காஸ்மிக் கதிர்கள். எல்லாவற்றுக்கும் அடியில், ஒளியே விழாவிட்டாலும் மின்னணுக் கருவி தானாகப் போட்டுவைக்கும் ஓர் எண் இருக்கிறது, பயஸ் என்பார்கள். போதாக்குறைக்கு, ஒளியை வாங்குவதில் எந்தப் பிக்சலும் பக்கத்துப் பிக்சலோடு ஒத்துப்போவதில்லை. இத்தனை பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் விண்மீன் சொன்னதை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

பயஸைக் கழிப்பதும், சீரான விளக்கொளியில் எடுத்த ஃப்ளாட் படத்தால் வகுப்பதும் ரசனையைச் சோதிக்கும் வேலைகள் அல்ல. யார் செய்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். காஸ்மிக் கதிர்களிடம்தான் முதல் சோதனை. விண்மீன் ஒளி காற்றையும் கண்ணாடியையும் கடந்து வருவதால் சற்றுக் கசிந்த ஓரங்களோடுதான் விழும். காஸ்மிக் கதிர் படத்தைப் பதியும் சிசிடி சில்லை நேரே தாக்குவதால் அதன் ஓரம் வெட்டென்று முடியும். அந்தக் கூர்மையைத் தேடிப் பிடிக்கும் வழிமுறையொன்றைப் பீட்டர் வான் டொக்கும் 2001இல் வெளியிட்டார். இன்று அது எங்கும் புழங்குகிறது. அருமையான யோசனை. ஆனால் வரம்பு எண்ணைக் கொஞ்சம் இறுக்கிவிட்டால் விண்மீனின் குறுகிய உமிழ்கோட்டின் உச்சியையும் அது சீவிவிடும். முறத்தில் புடைக்கத் தெரிந்த கை பதரோடு நெல்லைத் தள்ளாது. இரண்டு பதர் தங்கினாலும் சரி என்று நிறுத்திவிடும்.

வானத்தைக் கழிப்பது இதைவிட நுட்பமானது. இழைக்கு மேலும் கீழும் இருக்கும் வெற்று வானத்தை அளந்து, இழைக்கு அடியிலும் அதே அளவு இருக்கும் என்று கொண்டு கழிக்கிறோம். தனி விண்மீனுக்கு இது எளிது. தொலைவான கேலக்சி ஒன்றில் வெடித்த சூப்பர்நோவாவுக்கு? அதைச் சுற்றியிருப்பது வெற்று வானம் அல்ல; அந்தக் கேலக்சியின் விண்மீன்களும் ஒளிரும் ஹைட்ரஜன் மேகங்களும். மேகம் பின்னணிக்குள் அகப்படாமல் போனால் சூப்பர்நோவாவின் மேல் ஒரு குறுகிய ஹைட்ரஜன் கோடு முளைக்கும். வெடித்த விண்மீன் தன்னைச் சுற்றி ஏற்கெனவே வாயுவை உதறியிருந்தது என்று அதை வைத்துக் கதை எழுதிவிடலாம். பின்னணிப் பகுதி மேகத்தின் செறிவான இடத்தில் அமைந்துவிட்டால் அதே இடத்தில் பொய்யான பள்ளம் தோன்றும். இங்கே எந்தச் சூத்திரமும் முடிவு சொல்வதில்லை. மூலப் படத்தைத் திறந்து, மேகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்த்துப் பின்னணியைக் குறிப்பவரே நம்பத்தக்கவர். இழையைத் தொகுக்கும்போது ஒளி மிகுந்த பிக்சலுக்கு அதிக மதிப்பும் ஓரத்துப் பிக்சலுக்குக் குறைந்த மதிப்பும் தரும் முறையைக் கீத் ஹார்ன் 1986இல் வகுத்தார். மங்கலான பொருள்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் பின்னணி தவறியிருந்தால் ஹார்னாலும் காப்பாற்ற முடியாது.

எனக்கு மிகப் பிடித்த கட்டம் இனிதான் வருகிறது. படத்தில் இருப்பது பிக்சல் எண் மட்டுமே. 812ஆம் பிக்சலில் ஒரு பள்ளம் இருக்கிறது என்றால் அது எந்த அலைநீளம்? இதைச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும். இரும்பு-ஆர்கான், இரும்பு-நியான், தோரியம்-ஆர்கான் என்று ஒரு விளக்கை ஏற்றி அதன் ஒளியையும் விண்மீன் ஒளி நுழைந்த அதே குறுகிய பிளவின் வழியாக அனுப்பிப் படமெடுக்கிறார்கள். ஆர்க் என்பது அதன் புழக்கப் பெயர். அதன் கோடுகளின் அலைநீளம் ஆய்வகத்தில் துல்லியமாக அளக்கப்பட்டிருக்கிறது. புகைப்படத் தகடுகளின் காலத்தில் விண்மீனின் நிறமாலைக்கு இருபுறமும், மேலொன்று கீழொன்றாக, இரும்பு ஆர்க்கின் கோடுகளைப் பதித்து வைத்தார்கள். விண்மீனும் அதன் அளவுகோலும் ஒரே தகட்டில்! எந்த விளக்கமும் வேண்டாத நேர்மை அது.

அரிசோனாவின் டூசானில் 1980களில் உருவான ஐராஃப் மென்பொருளில் இந்த வேலைக்கு ‘ஐடென்டிஃபை’ என்றொரு கட்டளை உண்டு. திரையில் ஆர்க் கோடுகள் நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் குறியை வைத்து அதன் அலைநீளத்தைச் சொல்ல வேண்டும். பழகியவருக்கு அட்டவணை வேண்டியதில்லை. நியானில் 5852.49 நீலப் பக்கத்தில் எடுப்பாக நிற்கும், அதிலிருந்து 6402.25 வரை ஒரு கூட்டம், ஆர்கானின் 6965.43 சிவப்பில் தனியாக. முகங்களைப் போல இந்த வரிசை மனதில் தங்கிவிடும். பிறகு புள்ளிகளின் வழியே ஒரு வளைகோட்டைப் பொருத்த வேண்டும். ரசனைக்கு இங்கேதான் கடுமையான தேர்வு. பல்லுறுப்புக் கோவையின் படியை ஏற்ற ஏற்றப் பிழை குறைந்துகொண்டே போகும். எண்ணைப் பார்த்து மகிழ்பவர் ஏற்றிக்கொண்டே போவார். ஆனால் விளக்கின் கோடுகள் இல்லாத இரண்டு ஓரங்களிலும் அந்த வளைகோடு கட்டவிழ்ந்து ஓடும். அங்கே காட்டும் அலைநீளம் வெறும் கற்பனை. கொஞ்சம் பெரிய பிழையோடு குறைந்த படியில் நிற்பவரைத்தான் நான் மதிப்பேன்.

தொலைநோக்கியின் அடியில் தொங்கும் நிறமாலைமானி, தொலைநோக்கி சாயச் சாயத் தானும் மயிரிழை வளையும். அதனால் சாயங்காலம் எடுத்த ஆர்க்கை நள்ளிரவு விண்மீனுக்கு அப்படியே பூட்ட முடியாது. ஹான்லேயின் தரவுகளைப் பயன்படுத்தும் கட்டுரைகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வரும்: அலைநீளத்தை இரவு வானத்தின் உமிழ்கோடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தோம், தேவைப்பட்ட இடத்தில் சிறிது நகர்த்தினோம் என்று. தொல்லை என்று கழித்துத் தள்ளும் அதே வானம் இங்கே சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. சவ்வாது மலையில் காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே விண்மீனின் ஒளியைக் கண்ணாடியிழை வழியாகக் கொண்டுபோய், அசையாமல் வீற்றிருக்கும் எஷெல் நிறமாலைமானிக்குள் விடுகிறார்கள். தொலைநோக்கி எப்படித் திரும்பினாலும் அதற்குக் கவலையில்லை.

அலைநீளத்தில் இன்னும் சில வழுக்கல்கள் உண்டு. ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு காற்றில் 6562.8, வெற்றிடத்தில் 6564.6. ஸ்லோன் வானக் கணக்கெடுப்பு தன் நிறமாலைகளை வெற்றிட அலைநீளத்தில் தருகிறது. பழைய அட்டவணைகள் காற்றில். இரண்டையும் கலந்துவிட்டால் விண்மீனுக்கு வினாடிக்கு ஏறக்குறைய 83 கிலோமீட்டர் வேகம் சும்மா ஏறிவிடும். பூமியும் சும்மா இருப்பதில்லை. வினாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. அதன் பங்கையும் கழிக்காவிட்டால், ஆடாத விண்மீனும் ஆண்டுக்கொரு முறை ஆடும். கொடைக்கானலில் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது இதைவிடச் சிறிய அசைவு. சூரியப் புள்ளியின் ஓரத்தில் வாயு வினாடிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவில் வெளிநோக்கி ஓடுவதைக் கோடுகளின் சாய்வில் பிடித்தார். புள்ளிக்கு வெளியே இருக்கும் சூரியனே அவருக்கு அளவுகோல்.

ஒளியின் அளவைத் திருத்துவது பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அதில் வானிலை சொன்னதுதான் சட்டம். ஃபைகி 34 போல, ஒளி அளவு தெரிந்த ஒரு நியம விண்மீனை அதே இரவில் பார்த்து, கருவியும் காற்றும் எவ்வளவு விழுங்கின என்று கணக்கிடுகிறார்கள். ஒரு நுணுக்கத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். சாய்ந்து பார்க்கும்போது காற்று நீலத்தையும் சிவப்பையும் வெவ்வேறு அளவில் வளைப்பதால், விண்மீனே ஒரு குட்டி நிறமாலையாக நீண்டுவிடும். பிளவைக் குறுக்காக வைத்தால் நீலம் வெளியே விழுந்து, விண்மீன் உள்ளதைவிடச் சிவப்பாகத் தெரியும். பிளவை அந்த நீட்சியின் திசையிலேயே வைக்க வேண்டும் என்று ஃபிலிப்பென்கோ 1982இல் தெளிவாக எழுதினார். வானில் இழந்த நீலத்தை மேசையில் யாரும் மீட்க முடியாது.

இத்தனையும் பிசகாமல் செய்தும் ஏமாறலாம். 1960களின் தொடக்கத்தில் பிரான்சின் ஓத்-புரோவான்ஸ் ஆய்வகத்தில், அமைதியான சில விண்மீன்களில் பொட்டாசியத்தின் கோடுகள் திடீரெனப் பிரகாசித்து மறைந்ததாகப் பதிவானது. 7665இலும் 7699இலும் மறுக்க முடியாத உமிழ்கோடுகள். அளவீட்டில் குறையில்லை. கலிபோர்னியாவிலிருந்து விங், பெம்பர்ட், ஸ்பின்ராட் மூவரும் 1967இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். கருவிக்கு அருகே கிழித்த தீக்குச்சி! மருந்தில் பொட்டாசியம் இருக்கிறது. கிழித்துப் பார்த்தார்கள், அதே கோடுகள் வந்தன. யாரோ சிகரெட் பற்றவைத்த வெளிச்சம் விண்மீனின் சீற்றமாகக் கணக்கில் ஏறியிருந்தது. இருக்கிறது என்று சந்தேகிப்பதை மட்டும்தான் நம்மால் கழிக்க முடியும்.

அதே ஓத்-புரோவான்ஸில்தான் 1995இல் மேயரும் கெலோவும் எலோடி நிறமாலைமானியைக் கொண்டு 51 பெகாசி விண்மீனின் தள்ளாட்டத்தை அளந்தார்கள். வினாடிக்கு 60 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 5000 ஆங்ஸ்ட்ராமில் சொன்னால் ஆங்ஸ்ட்ராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கண்ணாடியிழையில் விண்மீன், பக்கத்துக் கண்ணாடியிழையில் தோரியம் விளக்கு, இரண்டும் ஒரே நேரத்தில். தகட்டில் இரும்பு ஆர்க்கைப் பதித்தவர்களின் அதே நேர்மைதான் சூரியனையொத்த விண்மீனைச் சுற்றும் முதல் வெளிக்கோளைக் கொண்டுவந்தது.

நிறுத்துமிடம் பற்றி என் விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 7605 அருகே பூமியின் ஆக்சிஜன் ஒரு பெரிய பட்டையை வெட்டி எடுத்துவிடுகிறது. பக்கத்து விண்மீனைக் கொண்டு அதை நிரவிவிடலாம்; நன்றாக நிரவியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பள்ளத்தை அப்படியே விட்டு, மேலே வட்டத்துக்குள் கூட்டல் குறி போட்ட பூமியின் சின்னத்தை வைத்துவிடும் படங்களே எனக்கு உகந்தவை. நடுக்கத்தை மழுங்கடித்து வழுவழுப்பாக்கிய நிறமாலையை நான் இரண்டாவது முறை பார்ப்பதில்லை. எது உண்மைக் கோடு, எது தற்செயல் என்று நாமே எடைபோட அந்த நடுக்கம்தான் படிக்கல்.

இப்போது லட்சக்கணக்கான நிறமாலைகளைப் பைப்லைன் நிரல்களே செய்து தள்ளுகின்றன. வழக்கமான விண்மீனுக்கு அவை மனிதரைவிட ஒழுங்கு. வழக்கத்தை மீறியதைத்தான் அவை குப்பை என்று ஒதுக்கும், அல்லது வழக்கத்துக்குள் திணிக்கும். ஐரோப்பியத் தென்வான ஆய்வகத்தின் காப்பகத்தில் மூலப் படங்கள் பொதுவாக ஓராண்டுக்குப் பிறகு எல்லோருக்கும் திறந்துவிடப்படுகின்றன. கூடவே அந்தந்த இரவின் பயஸ், ஃப்ளாட், ஆர்க் எல்லாம் இருக்கும். வானியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பைப்லைனை ஓட்டுமுன் ஒரே ஒரு விண்மீனையாவது அங்கிருந்து இறக்கி, ஆர்க் கோடுகளை ஒவ்வொன்றாக நீங்களே குறித்து, முதலிலிருந்து கடைசிவரை கையால் செய்து பாருங்கள்.