ஆழ்கடலை வரைந்த கையும் கேள்வி கேட்ட கண்ணும்

கொழிஞ்சாம்பாறையிலும் மறையூரிலும் இருக்கிற நமக்கு ஆழ்கடல் கலையைப் பற்றி என்ன கவலை என்று அன்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது, சற்றுப் பொறுக்க வேண்டும்.

கடலறிஞரும் கலைஞரும் கைகோத்தது இன்று நேற்றல்ல. 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற ஆய்வுக் கப்பல் நம் கடல்களின் ஆழத்திலிருந்து வலைபோட்டு எடுத்த மீன்களையும் நண்டுகளையும் ஆல்காக் முதலிய அறிஞர்களுக்காக ஏ.சி. சௌத்ரி, எஸ்.சி. மொண்டல் என்ற இந்திய ஓவியர்கள் வரைந்தார்கள். 1892 முதல் அவை கல்கத்தாவில் அச்சாயின. முள்ளையும் செதிலையும் எண்ணி வரைந்த அபார வேலை. ஆனால் அங்கே ஓவியர் அறிஞரின் கை மட்டுமே, வாய் கிடையாது.

2018இல் மிலானில் பிறந்த ஆர்மின் லிங்கே, வெனிஸ் நகரக் கடலறிவியல் நிறுவனத்தில் 'புராஸ்பெக்டிங் ஓஷன்' என்ற கண்காட்சியை வைத்தார். அதன் படங்களையும் அதைப் பற்றிய நூலையும் கொண்டே இதை எழுதுகிறேன். அறிஞர்களின் ஆய்வுக்கூடங்கள், இயந்திரக் கருவி கடலடியில் எடுத்த காட்சிகள், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கூடும் சர்வதேசக் கடலடி ஆணையம், கடற்சுரங்கத்தை எதிர்க்கும் பப்புவா நியூ கினி மக்கள் என எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். கடலடியின் அழகைக் காட்டி நம்மை மயக்கி அனுப்பிவிடாமல், அந்த அழகுக்கு விலை பேசுகிற மேசையையும் காட்டினாரே, அதுதான் சாதனை. குறையும் உண்டு. மனித முகத்தைவிடக் கூடங்களையும் கருவிகளையுமே அவர் காமிரா அதிகம் விரும்புகிறது. சாமானியர் கொஞ்சம் திணறித்தான் போவார்.

இது எங்கோ நடக்கிற கதையுமல்ல. 2002இல் அதே ஆணையத்தோடு ஒப்பந்தம் செய்து, மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் உலோக முடிச்சுகளை ஆராயும் உரிமையை இந்தியா பெற்றது. பரப்பு 75,000 சதுர கிலோமீட்டர். உருளைக்கிழங்கு போன்ற அந்த முடிச்சுகள் பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர்தான் வளரும்.

இனி நம் மலைக்கு வருவோம். 1877இல் பூஞ்ஞாறு அரசர் கண்ணன் தேவன் மலைகளை மன்றோ துரைக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். முன்னமே அங்கிருந்த முதுவர்கள் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு அல்ல. பிறகுதான் தேயிலை வந்தது. கூலிக்கு நம் முன்னோர் மலையேறினார்கள். காகிதத்தில் முடிவான பிறகு கேட்டால் பதில் சொல்ல யார் இருக்கா?

கடலடியில் என்ன இருக்கிறது என்று அறிவியல் சொல்லட்டும். அது யாருக்கு என்று கேட்பது கலைஞரின் பொறுப்பு. நம் தமிழ்க் கலைஞர்களும் ஆய்வுக் கப்பல்களில் ஏறட்டும்; கையோடு வாயையும் கொண்டுபோகட்டும்.