இயந்திர இரைச்சலும் உழைப்பவர் பாட்டும்

சொல் இல்லாத இசை ஒரு பக்கஞ் சார்ந்து நிற்க முடியுமா? இசை தூய கலை, அதற்கு வர்க்கமும் இல்லை வழக்கும் இல்லை என்பார் பலர். இக்கூற்றை உரைத்துப் பார்க்க ஏற்றவை, அமெரிக்க இசையமைப்பாளர் பிரெடரிக் செவ்ஸ்கி 1978, 1979ஆம் ஆண்டுகளிற் பியானோவுக்கென இயற்றிய 'வட அமெரிக்கக் கதைப்பாடல்கள்' என்னும் நான்கு சிறு படைப்புகள். 1938இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திற் பிறந்து 2021இல் இத்தாலியில் மறைந்த இவரது புகழ், சிலி நாட்டு மக்களின் போராட்டப் பாடலொன்றை 36 வேறுபாடுகளாக விரித்த 1975ஆம் ஆண்டுப் பெரும் படைப்பினால் பரவியது. அதனைக் கேட்டு முடிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும். அவரது கலைநோக்கைச் சுருங்கக் காட்டுவன இச்சிறு படைப்புகளே.

நான்கும் மக்கள் வாயில் முன்னரே வழங்கிய பாடல்களை அடியாகக் கொண்டவை. 'நீ எந்தப் பக்கம்?' என்ற பாடலை, 1931இல் கென்டக்கி மாநிலத்து ஹார்லன் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நடத்திய போராட்டத்திடையே இயற்றியவர், தொழிற்சங்க அமைப்பாளர் ஒருவரின் மனைவியான புளோரன்ஸ் ரீஸ். 'வின்ஸ்பரோ பருத்தியாலை புளூஸ்', தென் கரோலினா ஆலைத் தொழிலாளரின் துயரையும் எள்ளலையும் கறுப்பின மக்கள் வளர்த்த புளூஸ் வடிவிற் சுமந்து வந்தது.

பருத்தியாலைப் படைப்பைக் கேட்போம். பியானோவின் அடித்தொனியில் மெல்ல ஓர் ஓட்டம் தொடங்குகிறது. அது மெட்டன்று, ஓயாது சுழலும் இயந்திரம். ஒலி ஏறுகிறது. விரல்கள் போதாமல் உள்ளங்கையும் முன்கையும் கட்டைகள்மீது வீழ்கின்றன. பின்னர் இரைச்சல் தணிய, புளூஸ் மெட்டுத் தளர்நடையில் வெளிப்படுகிறது. மீண்டும் இயந்திரம் எழுகிறது. இந்த இரைச்சல் பாட்டுக்குப் பின்னே தொங்கவிட்ட திரைச்சீலை அன்று. இயந்திரத்தை ஓட்டுபவையும் பாட்டை எழுப்புபவையும் அதே இரு கைகள். ஆலையில் நின்று பாடியவரின் நிலையும் அதுவே. உள்ளடக்கமே உருவத்தை ஆக்குகின்றது என இலக்கியத்தில் நாம் பேசுவதை இங்கே காதாற் கேட்கலாம்.

எனினும் ஓர் ஐயத்தைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. தேவாலயப் பாடல்களைப் பாக் எடுத்தாண்ட முறையையே செவ்ஸ்கி முன்மாதிரியாகக் கொண்டார். மெட்டின் சிறு கூறுகளை நீட்டியும் குறுக்கியும் சுருதி மாற்றியும் ஒன்றோடொன்று பின்னுவது அம்முறை. ஆனால், பாக்கின் இசையைக் கேட்ட சபையோர் அப்பாடல்களைத் தம் வாயாற் பாடிப் பழகியவர்கள். மெட்டு எவ்வளவு மறைந்தாலும் அவர் நெஞ்சு அதனைக் கண்டுகொள்ளும். இன்றைய இசையரங்கில் அமர்ந்திருப்போருட் சுரங்கத் தொழிலாளரின் பாடலை அறிந்தவர் எத்தனை பேர்? அறியாதார்க்கு 'நீ எந்தப் பக்கம்?' என்ற வினாவே கேளாது. வாசிப்பவரின் கைத்திறன் மட்டுமே கேட்கும். போராட்டப் பாடல் மேடையின் அணிகலனாகிவிடும் ஆபத்து இதுவே.

முதன்முறை கேட்டபோது எனக்கு நேர்ந்ததும் இதுதான். வியந்தேன், ஆனால் கலங்கவில்லை. பின்னர் மூலப் பாடல்களை மனிதக் குரலிற் கேட்டுவிட்டு, மீண்டும் இப்படைப்புகளிடம் வந்தேன். முன்பு சிதறல்களாகத் தோன்றியவை, கூட்டத்தினிடையே ஒன்றையொன்று அழைக்கும் குரல்களாயின. சொல் இல்லாத இடத்தில் அச்சொற்களை என் நெஞ்சே நிரப்பிற்று.

ஆகவே, இசை பக்கஞ் சாருமா என்ற வினாவுக்கு விடை பாதி படைப்பிலும் பாதி கேட்பவரிடமும் உள்ளது. செவ்ஸ்கி தம் பங்கைச் செய்துவிட்டார். மக்கள் பாட்டை மறந்த சபை, அதிலிருந்து பிறந்த கலையையும் பாதியே கேட்கும். இப்படைப்புகளைக் கேட்க விழையும் நண்பர்கள் அப்பாடல்களை முதலிற் கேட்கட்டும். அதன் பின்னர்தான், 'நீ எந்தப் பக்கம்?' என்னும் வினா பியானோவிலிருந்து எழுந்து நம்மை நோக்கித் திரும்பும்.