எஃப்3 வரை தைரியம், அதற்குப் பிறகு?

கிராண்ட்மாஸ்டர்கள் மோதும் பெரிய போட்டிகளில் பிளாக்மார்-டீமர் காம்பிட்டைப் பார்ப்பது அபூர்வம். மூன்று நிமிட இணைய ஆட்டங்களிலோ அது அடிக்கடி தலைகாட்டுகிறது. டி4, டி5, உடனே இ4 என்று இரண்டாவது நகர்த்தலிலேயே வெள்ளை ஒரு சிப்பாயை நீட்டுகிறது. கறுப்பு வெட்டியதும் வெள்ளைக் குதிரை சி3-க்கு வரும், கறுப்புக் குதிரை எஃப்6-க்கு வரும். அடுத்தது எஃப்3: இதையும் வெட்டிக்கொள் என்ற அழைப்பு.

கொடுத்த சிப்பாய்க்குப் பதிலாக எஃப் வரிசை திறக்கிறது, காய்கள் சட்டென்று வெளியே வருகின்றன. பிஷப் டி3-யில் உட்கார்ந்து எச்7-ஐக் குறிபார்க்கும். ராணி இ1 வழியாக எச்4-க்குப் போகும். எஃப்6-இல் காவல் நிற்கும் குதிரைமேல் யானையே விழும். எதிராளி அந்தப் பக்கமே கோட்டை கட்டிக்கொண்டு சும்மா இருந்தால், இருபது நகர்த்தலுக்குள் கதை முடிந்துவிடும்.

இதைத் தொடங்கி வைத்தவர் அர்மாண்ட் பிளாக்மார், நியூ ஆர்லியன்ஸில் இசைப் பிரதிகள் அச்சிட்டு விற்றவர். 1882-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் சி3 குதிரை கிடையாது. மூன்றாவது நகர்த்தலே எஃப்3. கறுப்பு இ5 என்று திருப்பி அடித்தாலே போதும். அந்தச் சிப்பாயை வெட்டினால் ராணிகள் மாறிப் போகும், வெள்ளை ராஜா கோட்டை கட்டும் உரிமையையும் இழந்து டி1-இல் நிற்கும். முதலில் குதிரையை சி3-க்கு நகர்த்தும் திருத்தம், பிற்பாடு போலந்துக்காரர் இக்னாட்ஸ் ஃபான் போப்பியெல் தந்தது.

அதை ஒரு மதமாகவே ஆக்கியவர் ஜெர்மனியின் எமில் யோசஃப் டீமர் (1908–1990). விரும்பத்தக்க மனிதர் அல்ல. 1931-லேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். பிற்காலத்தில் நாஸ்ட்ரடாமஸின் ஆரூடங்களில் மூழ்கிப் போனார். ஆனால் ஆடத் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. 1956-இல் நெதர்லாந்தின் பெவர்வைக்கில் இரண்டாம் நிலைப் பிரிவை வென்றார். மறு வருடம் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே, முதல் நகர்த்தலிலிருந்தே மேட்டுக்கு ஆடு என்கிறது. அந்த அவசரம்தான் காம்பிட்டின் பலவீனம் என்பது என் கணிப்பு: தாக்குதல் நின்றால் வெள்ளையிடம் வேறு திட்டமே இல்லை.

பொறிகள் மட்டும் அழகானவை. ரைடர் வகையில் குதிரைக்குப் பதில் ராணியே எஃப்3-இல் வெட்டும். டி4 சிப்பாயும் போகட்டும் என்று விட்டுவிடும். கறுப்பு ராணி டி4-ஐத் தின்கிறது, பிஷப் இ3-க்கு வந்து விரட்டுகிறது, ராணி பி4-க்கு ஓடுகிறது. வெள்ளை நீண்ட பக்கம் கோட்டை கட்டி யானையை டி1-க்குக் கொண்டுவருகிறது. இங்கே பிஷப்பை ஜி4-க்கு நகர்த்தி ராணியையும் யானையையும் ஒரே கோட்டில் குறிவைக்கலாமே என்று கை துறுதுறுக்கும். நகர்த்தினால் குதிரை பி5-க்குப் பாயும். ராணி கிடைத்ததென்று எஃப்3-இல் வெட்டினால், சி7-இல் குதிரை செக்மேட். டி7, டி8 இரண்டையும் டி1 யானை அடைத்து நிற்கிறது. மற்ற கட்டங்களில் கறுப்பின் காய்களே வழிமறிக்கின்றன. ஹாலோசர் பொறி என்று இதற்குப் பெயர்.

ஆனால் பொறியில் விழாத எதிராளிக்கு மருந்து கையிலேயே இருக்கிறது. வெள்ளைக் குதிரை எஃப்3-இல் வெட்டியதும் சி6, ஸீக்லர் தற்காப்பு. வெள்ளை பிஷப் சி4-க்கு வரட்டும், கறுப்பு பிஷப் எஃப்5-க்கு, பின்னாலேயே இ6. சி4 பிஷப் இ6 சிப்பாயில் முட்டி நிற்கிறது. டி3-க்குத் திரும்பினால் நேருக்கு நேர் மாற்றிக்கொள்ளலாம். எச்7-மேல் இருந்த பயம் அதோடு தீர்ந்தது. வெள்ளை கோட்டை கட்டிவிட்டுக் குதிரையை இ5-இல் ஊன்றும்போது மட்டும் கவனம் தேவை. சி2-இல் இலவசமாக ஒரு சிப்பாய் தெரியும். அதை பிஷப்பால் எடுத்தால் எஃப்7-இல் குதிரை வெட்டும், ஆட்டம் தலைகீழாகும். பிஷப்பை ஜி6-க்குப் பின்வாங்கினால் கறுப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதல், நிலையும் கெட்டி.

இவ்வளவும் ஞாபகம் வைக்கச் சோம்பலா? இரண்டாவது நகர்த்தலில் வெட்டாமல் இ6 வையுங்கள், பிரெஞ்சு தற்காப்பாகிவிடும். சி6 வைத்தால் காரோ-கான். மேட்டுக்காகவே வந்து உட்கார்ந்திருக்கும் எதிராளிக்கு அதைவிட எரிச்சல் வேறில்லை.