பழைய நேரம், புதிய நேரம்

1996 மே மாதம் இலங்கை தன் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளியது. மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்வெட்டு வாட்டிய காலம். மாலையில் வெளிச்சம் கூடினால் விளக்குச் செலவு குறையும் என்பது கணக்கு. கணக்கில் பிழையில்லை, ஆனால் அது வேறு அட்சரேகையில் போட்ட கணக்கு. லண்டனில் மணிக்கூட்டைத் தொடாமல் விட்டால் ஜூன் மாதச் சூரியன் நாலு மணிக்கு முன்பே எழுந்துவிடும். ஊர் உறங்குகையில் வீணாகும் அந்த வெளிச்சத்தை மாலைக்கு மாற்றினால் எவருக்கும் நட்டமில்லை. கொழும்பிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்கூடக் கிடையாது. ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே விடியும். பாடசாலைப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அதற்கு முன்பே அடுப்படி விளக்கு எரியத் தொடங்கிவிடும். மாலையில் மிச்சம் பிடித்ததில் பெரும்பங்கைக் காலையில் செலவழிக்க வேண்டியதுதான்.

மின்சார சபைக்குத் தலைவலி மொத்தப் பாவனை அல்ல, மாலையில் ஒரேயடியாக ஏறும் உச்சத் தேவைதான் என்று இதற்கு மறுமொழி சொல்லலாம். நியாயமான வாதம், வரட்சி ஆண்டில் அதற்கு நானும் இணங்குவேன். அலுவலகம், வங்கி, பஸ் என்று ஒவ்வொன்றின் நேரத்தையும் தனித்தனியே மாற்றுவதைவிட முள்ளை நகர்த்துவது சுலபம் என்பதும் உண்மை. அவசரத்துக்குச் செய்ததை நிறுத்தாமல் விட்டதுதான் குறை. ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்துவிட்டு, மற்ற அரையைப் பத்தாண்டு வைத்திருந்தார்கள். ஜனவரியில் விடியவே ஏழு மணி ஆகப்பார்த்தது; பாடசாலை மணி ஏழரைக்கு. தூரத்துப் பிள்ளைகள் இருட்டில் பஸ்ஸுக்கு நின்றதை எந்த மின்சாரக் கணக்கிலும் எழுத இடமில்லை.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இந்த மாற்றம் ஏற்கப்படவே இல்லை. 2002இல் ஏ-9 வீதி திறந்தபின், ஓமந்தையைத் தாண்டி வடக்கே போகிறவருக்கு நேரம் அரை மணித்தியாலம் பின்னால் போனது. ஒரே வெயில், இரண்டு நேரம். ‘பழைய நேரமா, புதிய நேரமா’ என்று கேட்டுத்தான் எதையும் ஒழுங்கு செய்யலாம். மின்சாரத்துக்காகத் தொடங்கியது, யாருடைய ஆணை எதுவரை செல்லும் என்பதன் அளவுகோலாகிவிட்டது.

2006 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி பழைய நேரம் திரும்பியபோது இலங்கையில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அதை விரும்பவில்லை; அரை மணிக் கணக்கு உலகத்தோடு பேசுகிறவர்களுக்குத் தொல்லை என்பது அவர் பக்கம். தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் கிரீன்விச் நேரத்திலிருந்து ஆறு மணி நேர வித்தியாசத்துக்குரிய 90 பாகைக் கோடு இலங்கைக்குக் கிழக்கே வெகுதூரத்தில் வங்காள விரிகுடாவில் ஓடுகிறது. ஐந்தரைக்குரிய 82.5 பாகைக் கோடு தீவின் கிழக்குக் கரையை அடுத்தே செல்கிறது. அதன்படியே கொழும்பு மணிக்கூடு சூரியனைவிடப் பத்து நிமிடம் முந்தித்தான் ஓடுகிறது.