பொது நூல்நிலையமும் அதன் பரிபாலனமும்

ஓர் ஊரின் பொது நூல்நிலையத்தைக் காணச் செல்வோர் அதன் கட்டடத்தைக் காண்பர், அலுமாரிகளைக் காண்பர், நூலகரைக் காண்பர். இவ்வாண்டு எத்தனை நூல்கள் வாங்கப்படல் வேண்டும், எந்நேரம் கதவு திறக்கப்படல் வேண்டும், எவர் எத்தனை நாளைக்கு நூலை இரவல் பெறலாம் என்பனவற்றை முடிவுசெய்தவர் யாவர் என்று அவர்கள் வினவுவதில்லை. வினவினும் விடை எளிதிற் கிடைப்பதில்லை. நூல்நிலையத்தின் ஆக்கமும் கேடும் பெரும்பாலும் இம்முடிவுகளைப் பொறுத்தே அமைவன. ஆதலின், அவற்றைச் செய்வோர் யாவர், அவர் எவர்க்கு விடை கூறக் கடமைப்பட்டவர் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் நமக்குப் பரிபாலனம் என்பது புதிய பொருளன்று. நம் கோயில்களில் வண்ணக்கர் என்பார் உளர். குடிகளின் சார்பில் நின்று கோயிலின் வரவு செலவைப் பேணுதலும், திருவிழாவை ஒழுங்குசெய்தலும், வழக்காற்றைக் காத்தலும் அவர்தம் கடன். வண்ணக்கர் பூசை செய்யார். குருக்கள் கணக்கு வையார். கணக்கிற் குறை கண்டவிடத்துக் குடிகள் கூடி வண்ணக்கரை வினவுதல் நம் நாட்டு வழக்கம். இருவர் கடனும் ஒன்றோடொன்று மயங்காதிருத்தலாலேயே கோயில் நிலைபெறுகின்றது.

மேலைநாட்டார் நூலகப் பரிபாலன சபை எனக் கூறுவதும் ஏறக்குறைய இத்தன்மையதே. பணத்தை வகுத்தல், பணியை மேற்பார்வை செய்தல், நெறியை நிறுவுதல் என அதன் கடன்கள் மூன்றாம். நூலைத் தெரிதலும், அதனைப் பகுத்து அடுக்குதலும், வாசகருக்கு வழிகாட்டலும் நூலகர் தொழில். அவற்றிற் சபை கைவைத்தல் தகாது. வேறுபாடு ஒன்றுண்டு. வண்ணக்கர் பதவி குடிவழி வருவது. நூலக சபையோ எக்குடிக்கும் உரியதன்று, எல்லாக் குடிக்கும் உரியது.

பிற நாட்டு வரலாறு

இங்கிலாந்தில் வில்லியம் யூவாட் என்பாரின் முயற்சியால் 1850 ஆம் ஆண்டிற் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. பவுணொன்றுக்கு அரைப்பென்சுக்கு மேற்படாத வரியை நகரசபைகள் நூலகத்தின் பொருட்டு விதிக்க அச்சட்டம் இடமளித்தது. ஆயின், அவ்வரிப்பணத்தைக் கட்டடத்திற்கும் ஊழியருக்கும் செலவிடலாமேயன்றி நூல் வாங்கச் செலவிடுதல் இயலாதிருந்தது! நூல்களை நன்கொடையாளர் தருவர் எனச் சட்டஞ் செய்தோர் எண்ணினர் போலும். 1855 ஆம் ஆண்டிலேயே வரி ஒரு பென்சாக உயர்ந்து நூல் வாங்கவும் வழி பிறந்தது. அந்த ஒருபென்சு வரம்பு 1919 வரை நீங்கிற்றில்லை. நூலில்லா நூலகத்தைச் சட்டமே படைத்த இந்நிகழ்ச்சியைக் கேட்டு நாம் நகைத்தல் எளிது. திறப்புவிழாக் கண்டு நூலுக்கு ஏங்கி நிற்கும் கட்டடங்கள் நம் நாட்டிலும் உள ஆதலின் அந்நகை நெடிது நில்லாது.

அமெரிக்காவின் பொஸ்தன் நகரம் வேறொரு வழி கண்டது. அங்கு 1852 ஆம் ஆண்டிலேயே நூலகத்திற்கெனப் பொறுப்பாளர் சபை நிறுவப்பட்டது. நூலகம் வாசகருக்குத் திறக்கப்பட்டது 1854 இல் ஆகும். முதலிற் சபை, பின்னரே நூலகம் என்ற இம்முறைவைப்புச் சிந்திக்கத்தக்கது.

நமக்கு மிக அண்மையது சென்னை. கணித ஆசிரியராயிருந்து 1924 இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன், சீர்காழியிற் பிறந்தவர். நம் விபுலாநந்த அடிகள் பிறந்த 1892 ஆம் ஆண்டே இவர் பிறந்த ஆண்டுமாகும். சட்டத்தின் அடித்தளமின்றி நூலகம் நிலைபெறாது என அவர் பல்லாண்டு வாதாடியதன் பயனாக 1948 ஆம் ஆண்டிற் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. சுதந்திர இந்தியாவில் இவ்வகையில் எழுந்த முதற் சட்டம் இதுவே. மாவட்டந்தோறும் ஒரு நூலக ஆணைக்குழு, அதற்கெனத் தனி நிதி, சொத்துவரியோடு சேர்த்துப் பெறும் நூலக வரி என்பன அதன் உறுப்புகள். தொடக்கத்தில் வரி ரூபாவுக்குப் பழைய பைக் கணக்கில் ஆறு பையாக இருந்தது. ஒரு ரூபாவுக்குப் பை 192 ஆதலின், முப்பத்திரண்டு ரூபா சொத்துவரி செலுத்துபவன் ஒரு ரூபாவை நூலகத்திற்கு ஈந்தான் என்க. சென்னை நகரம் ஒழிந்த ஏனைய மாவட்டங்களில், திரண்ட வரிக்குக் குறையாத தொகையை அரசும் நல்குதல் வேண்டும் என்பது விதி.

இச்சட்டம் குறையற்றதன்று. வரியைத் தண்டும் உள்ளூராட்சி மன்றங்கள் அதனை நூலக ஆணைக்குழுவிடம் காலத்திற் சேர்ப்பியாது நிலுவை வைத்தமை அங்கு நெடுநாட் குறைபாடாகும். சபையைச் சட்டம் படைக்கலாம். ஆயின் சாவி பிறர் கையிலிருப்பின் பெட்டி தனதாயிருந்தும் பயனில்லை. மேலும், சொத்துவரியின் பங்கே நூலக நிதியாகும்போது செல்வம் மிக்க இடத்திற்கு மிக்க நூலும் வறிய இடத்திற்குச் சில நூலும் கிடைத்தல் இயல்பு. அரசு அதற்குச் சமமாக நல்கும் தொகை அவ்வேற்றத்தாழ்வை இரட்டிப்பதன்றிக் குறைப்பதில்லை. இக்குறையை நாம் மறவாதிருத்தல் வேண்டும்; நம் வாவிக்கரைக்கு இது பெரிதும் பொருந்துவதாகும்.

யாழ்ப்பாணம் கற்பித்த பாடம்

நம் நாட்டில் இப்பொருளை விளக்கும் சான்று யாழ்ப்பாணப் பொது நூலகமே. கே. எம். செல்லப்பா என்பாரின் முயற்சியும் ஊரவர் குழுவொன்றின் உழைப்பும் சேர, 1934 ஆம் ஆண்டில் வாடகை அறையொன்றில் 844 நூல்களோடு அது தொடங்கிற்று. 1935 இல் அது நகரின் உள்ளூராட்சி மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பெருங் கட்டடம் வேண்டுமென்ற எண்ணம் எழுந்தபோது, 1952 ஆம் ஆண்டில் நகரமுதல்வர் சாம் சபாபதி தலைமையில் மீண்டும் ஊரவரைக் கொண்ட தனிக்குழு ஒன்று அமைக்கப்பட வேண்டியதாயிற்று. அக்குழு நிதி திரட்டியது. அரங்கநாதனின் ஆலோசனையை நாடியது. சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மனைக் கொண்டு வரைபடம் ஆக்குவித்தது. 1959 ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கட்டடம் திறக்கப்பெற்றது. 1981 ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரியூட்டப்பட்ட கொடுமையை உலகம் அறியும்.

எரிந்ததையே நாம் பெரிதும் பேசுகின்றோம். எழுந்தவாற்றைப் பேசுதல் குறைவு. அந்நூலகம் பிறந்த காலத்தும் வளர்ந்த காலத்தும் அதற்கெனவே சிந்திக்கும் ஒரு குழு இருந்தது என்பதே எழுந்தவாறு தரும் பாடம். கிளைக்கந்தோராக மாத்திரம் நடத்தப்படும் நூலகத்தை நாள்தோறும் திறக்கலாம், பூட்டலாம், வளர்த்தல் அரிது.

நம் நாட்டுச் சட்டமும் நடைமுறையும்

1939 ஆம் ஆண்டின் நகரசபைகள் கட்டளைச் சட்டம், 1947 ஆம் ஆண்டின் மாநகரசபைகள் கட்டளைச் சட்டம், 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் ஆகியவற்றின் வழியே நம் பொது நூலகங்கள் இயங்குகின்றன. இவை நூலகம் அமைக்க அதிகாரம் தருவனவேயன்றி, நூலகத்திற்கெனத் தனிச் சபையையோ தனி வரியையோ விதிப்பனவல்ல. 1970 இல் தேசிய நூலகச் சேவைகள் சபையும், 1998 ஆம் ஆண்டின் சட்டத்தால் அதன் வழிவந்த தேசிய நூலக ஆவணவாக்கற் சேவைகள் சபையும் தோன்றின. அவை ஆலோசனையும் பயிற்சியும் நல்குவன. ஊர் நூலகத்தின் பணப்பெட்டியும் விதிகளும் உள்ளூராட்சி மன்றத்தின் பாற்பட்டனவே.

இந்நிலையை முற்கூறிய மூன்று கடன்களாலும் அளந்து பார்ப்போம்.

முதலாவது, பணம். வீதியும் வடிகாலும் தெருவிளக்கும் கழிவகற்றலும் கேட்கும் வரவு செலவுத் திட்டத்தில் நூலகம் இறுதியில் நின்று கை நீட்டுகின்றது. வெள்ளத்தில் வீதி உடைந்தால் மக்கள் முறையிடுவர். நூல் வாங்கப்படாவிடின் எவரும் முறையிடார். ஆதலின் வெட்டும் கத்தி முதலில் நூலின்மேலேயே விழுகின்றது. ஒதுக்கிய பணமும் ஆண்டிறுதி நெருங்குங்கால் விரைந்து செலவிடப்படுமாயின், வாசகர் தேவைக்கேற்ற நூலன்றி விற்பனையாளர் கையிருப்பிலுள்ள நூலே அலுமாரி ஏறும்.

இரண்டாவது, பணி. ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படுகின்றது. ஊர்வலமும் பேச்சுப் போட்டியும் பரிசளிப்பும் நிகழ்கின்றன, அவற்றைக் குறைகூறுவேனல்லேன். ஆயின், ஏனைய பதினொரு மாதத்தில் எத்தனை நூல்கள் இரவல் சென்றன, எந்நூலைக் கேட்டு எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினர் என வினவும் கடமை எவரிடம் உளது? வாசகர் வட்டங்கள் சிலவிடங்களில் நன்கு தொண்டாற்றுகின்றன. எனினும் அவற்றிற்கு விருப்பம் தெரிவிக்கும் உரிமை உண்டேயன்றி முடிவுசெய்யும் உரிமை இல்லை.

மூன்றாவது, நெறி. இதனை என் அனுபவமொன்றால் விளக்குதல் தகும். யான் படுவான்கரையைச் சேர்ந்தவன். வெளிவாரி மாணவனாகப் பட்டப்படிப்பை மேற்கொண்ட காலத்து எனக்கு விரிவுரை மண்டபமும் இல்லை, பல்கலைக்கழக நூலகமும் இல்லை. மண்முனைப் பாலம் 2014 இலேயே திறக்கப்பட்டது. அதற்கு முன் பாதைப்படகேறி வாவியைக் கடந்து எழுவான்கரை நூல்நிலையம் ஒன்றிற்குச் செல்வேன். இரவல் பெற விண்ணப்பித்தபோது, அச்சபையின் எல்லையுட் சோலைவரி செலுத்துபவர் ஒருவர் பிணைநிற்றல் வேண்டும் என்றனர். எனக்கு அக்கரையில் அத்தகையார் எவரும் இலர். நூலகர் இரக்கமுடையவர். “விதி மேலிடத்து விதி, தம்பி, மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை” என்று கூறி, மேசையொன்றைக் காட்டினார். அங்கிருந்தே பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொண்டு கடைசிப் படகிற்குத் திரும்புவேன். அவ்விதியை மறுபரிசீலனை செய்யுமாறு எழுதிய கடிதத்திற்கு மறுமொழி வந்திலது. எவரையும் பழித்தற்காக இதனைக் கூறுகின்றேனல்லேன். அவ்விதியைச் செய்தவர் நூல் தொலையாதிருத்தலையே கருதியிருப்பர். ஆயினும் வாவியின் மறுகரையில் வாசகன் ஒருவன் உளன் என எடுத்துரைக்க அவர் நடுவே எவரும் இருந்திலர். நெறி வகுக்கும் சபையில் வாசகன் இல்லாவிடின் நெறி வேலியாகும்.

இன்னுமொரு குறை உண்டு. மட்டக்களப்பில் 1994 ஆம் ஆண்டின் பின் 2008 இலேயே உள்ளூராட்சித் தேர்தல் நிகழ்ந்தது. 2023 மார்ச்சில் நாடெங்கும் மன்றங்களின் பதவிக்காலம் முடிய, 2025 மே மாதத்திலேயே அடுத்த தேர்தல் நடைபெற்றது. இவ்விடைக்காலங்களில் மக்கள் தெரிந்த உறுப்பினரின்றி அதிகாரிகளே ஆட்சி நடத்தினர். மன்றத்தையே தன் பரிபாலன சபையாகக் கொண்ட நூலகம் அக்காலமெல்லாம் வாசகர் முறையீட்டைக் கேட்போரின்றி நின்றது.

செய்யத்தக்கன

தனிச்சபை அமைப்பின் அங்கும் கட்சி புகும், பட்டமும் பதவியும் தேடுவோர் நிறைவர் என்பார் உளர். இவ்வச்சம் பொய்யன்று. கோயிற் பரிபாலனத்திலும் வழக்கு எழுவதுண்டு. அதற்காகக் கணக்கு வேண்டாம் என எவரும் கூறார். கணக்கைப் பலர் காண வைத்தலே பரிகாரம். அதுபோல, நூலக சபைக்கும் வெளிப்படையே காவலாகும்.

புதிய சட்டம் வரும்வரை காத்திருத்தலும் வேண்டா. மன்ற உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்த்து ஆலோசனைக் குழு அமைத்தற்கு இன்றைய பிரதேச சபைச் சட்டத்திலேயே இடமுண்டு. ஆசிரியர், மாணவர், இல்லத்தரசியர், வேளாளர், மீனவர் என வாசகர் பலரும் அமைந்த குழுவொன்றை ஒவ்வொரு மன்றமும் நூலகத்தின் பொருட்டு நிறுவுதல் கூடும். அக்குழுவின் பரிந்துரையை ஏற்காவிடின் அதற்குரிய காரணத்தை மன்றம் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். நூலகத்தின் ஆண்டு வரவு செலவும், வாங்கிய நூல்களின் பட்டியலும், இரவல் சென்ற நூல்களின் தொகையும் ஒரு தாளில் எழுதப்பட்டு வாயிற்சுவரில் ஒட்டப்படல் வேண்டும். வாவியைச் சூழ்ந்த மன்றங்கள் தம்முள் உடன்பட்டு, ஒரு கரையிற் பெற்ற அங்கத்துவ அட்டை மறுகரையிலும் செல்லுமாறு செய்தல் வேண்டும். பாலம் அமைத்தும் அட்டை கடவாதிருத்தல் முறையன்று.

நிலையான பரிகாரம் சட்டமே. தேர்தல் தள்ளிப்போயினும் கலையாத சபை, பிற செலவிற்குத் திருப்பவியலாத நூல் நிதி ஆகிய இரண்டும் அச்சட்டத்தில் அமைதல் வேண்டும். வரிவருவாய் குறைந்த வயற்புறச் சபைகளுக்கு அரசு கூடுதலாக நல்குதல் வேண்டும் என்ற விதியும் அதன்கண் சேர்க. சென்னைச் சட்டத்திற் கண்ட குறையை நாம் இங்குத் தீர்த்தவராவோம்.

இவ்விதழைப் படிப்போர் ஆசிரியரும், மாணவரும், பழைய மாணவருமாவர். நம்முட் பலர் பொது நூலகத்திற் படித்து உயர்ந்தோம். தொழில் கிடைத்தபின் அதன் வாயிலை மிதித்தவர் சிலரே. அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் மன்றத்தில் எடுத்துக்கொள்ளப்படும் முன், நூலுக்கு எத்துணைப் பணம் ஒதுக்கப்பட்டது என ஒரு கடிதமேனும் எழுதி வினவுவோமாக. ஒருவர் கடிதத்திற்கு மறுமொழி வாராதொழியலாம். நூறு பேர் வினவின், விடை கூறுவார் ஒருவரைத் தேடிக் கண்டேயாதல் வேண்டும்.