பிமெண்டா பார்த்த செஞ்சியும் தில்லையும்

செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதுவோர் தவறாமல் எடுத்தாளும் செய்தி ஒன்று உண்டு. 1597-இல் இங்கு வந்த போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி நிக்கோலஸ் பிமெண்டா, இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் செஞ்சியே பெரியது என்றும், போர்த்துக்கல்லில் லிஸ்பன் தவிர வேறெதுவும் இதற்கு ஈடாகாது என்றும் எழுதினார் என்பதே அது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் பெருமை, இருக்கட்டும். ஆனால் அந்த ஒரு செய்தியோடு அவர் குறிப்பை மூடிவைப்பது முறையன்று. அதே பயணத்தில் அவர் தில்லையில் கண்டதையும் சேர்த்துப் படித்தால்தான் அவர் எப்படிப்பட்ட சாட்சி என்பது விளங்கும்.

கல்லையும் நீரையும் பற்றி அவர் சொல்வதை நம்பலாம். வெட்டிய பெருங்கற்களால் எழுந்த மதில், நீர் நிறைந்த அகழி, நடுவே கொத்தளங்களாக்கப்பட்ட பாறை, காவலுள்ள வாயில்கள், தெளிந்த ஊற்று ஆகியவற்றை அவர் குறித்துள்ளார். இன்று ராஜகிரியில் ஏறுபவரும் இவற்றில் பலவற்றை அடையாளம் காணலாம். கிருஷ்ணப்ப நாயக்கர் தம்மைச் சிறைவைத்திருந்த சிற்றப்பனின் கண்களைப் பறித்து, அதே இடத்தில் அடைத்ததையும் அவர் மறைக்கவில்லை. ஊர்ப் பெருமை பேசும் கட்டுரைகளில் இந்த வரி மட்டும் காணாமற் போய்விடுகிறது!

வழிபாடு என்று வரும்போதுதான் அவர் பார்வை மங்குகிறது. தில்லை நடராசர் கோயிலுக்குள் பெருமாளுக்குரிய பொன் பூசிய கம்பத்தை நிறுவ நாயக்கர் முனைந்தார். தீட்சிதர்கள் எதிர்த்தனர், கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விடுவதாக எச்சரித்தனர். நாயக்கர் பணியவில்லை. இருபது பேர் விழுந்து மாண்டனர் என்கிறார் பிமெண்டா. சினந்த நாயக்கர் மற்றவர்களைச் சுடச் சொன்னதில் இருவர் இறந்தனர். ஒரு பெண் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டாள். இத்தனையையும் எழுதிய பிமெண்டாவுக்கு அந்தக் கம்பம் அடியில் குரங்கு உள்ள ஒரு மரம், அவ்வளவே. வைணவர்கள் அனுமனைச் சிறிய திருவடி என்று போற்றுவதோ, கொடிமரம் நட்டால் அங்கு விழாவும் உரிமையும் நிலைபெறும் என்பதோ அவருக்குத் தெரியாது. ஆகவே இருபது பேர் எதற்காக உயிரை விட்டார்கள் என்ற கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டு நகர்கிறார்.

ஆயினும் அவர் சைவருமல்லர், வைணவருமல்லர். இருவரில் எவரையும் காப்பாற்ற வேண்டிய தேவை அவருக்கு இல்லை. அந்த அளவில் இச்சாட்சியம் நமக்கு அரியது. தீட்சிதர் தரப்பும் அரசர் தரப்பும் தத்தம் நிலையிலிருந்து சொல்லக்கூடியதை, இரண்டையும் வெறுத்த ஒருவர் பதிவு செய்திருக்கிறார்.

மாணவர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பலரும் எடுத்தாள்வது பிமெண்டாவின் முழுக் கடிதத்தை அன்று. 1625-இல் இலண்டனில் சாமுவேல் பர்ச்சஸ் வெளியிட்ட பெருந்தொகுப்பில் உள்ள ஆங்கிலச் சுருக்கத்தையே. பர்ச்சஸ் ஆங்கிலத் திருச்சபைக் குரு. இயேசு சபையாரிடம் அவருக்குப் பரிவு கிடையாது. கோயிலைப் பழித்த கத்தோலிக்கரை, கத்தோலிக்கரைப் பழித்த ஒருவர் சுருக்கித் தந்ததைத்தான் நாம் படிக்கிறோம். சி. எஸ். சீனிவாசாச்சாரியின் செஞ்சி வரலாறு (1943, அண்ணாமலைப் பல்கலைக்கழகம்) இச்செய்திகளை நாயக்கர் கால வரலாற்றோடு வைத்துப் பார்க்க உதவும்.

கடைசியாக, சிறிய காட்சி ஒன்று. பட்டு விரிப்பில் திண்டில் சாய்ந்திருந்த நாயக்கர், வந்தவர்களுக்கு வெற்றிலை நீட்டினார். அவர்கள் அதை மெல்லவில்லை. நாயக்கர் வியந்தார் என்று மட்டும் குறிப்பு சொல்கிறது. நம் வழக்கில் தாம்பூலத்தை மறுப்பது உறவையே மறுப்பதாகும். சாமிக்குப் படைப்பதும் விருந்தினருக்குத் தருவதும் அதே இலைதான். ஆனால் விடைபெறும்போது நாயக்கர் தந்த பொன்னிழைத் துணிகளை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.